வேதப்புத்தகத்தின் பின்னால் இருந்த பொட்டலங்கள்

கிறிஸ்துவுக்குள் என் உறவானவர்களே, ஒரு நிழலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மலாயாவில் கோப்பெங்குக்கும் ஈப்போவுக்கும் நடுவே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில், பகல் சாயத் தொடங்கியதும் என் வீட்டுக் கூரையின் நிழல் முற்றத்தில் இறங்கும். மெல்ல நகர்ந்து தண்ணீர்ப் பீப்பாயைத் தொடும். சென்ற ஆண்டு ஐப்பசியில், அந்த நிழல் பீப்பாயைத் தொடும் நேரத்தில்தான் என் மகள் கிருபைக்குக் குளிர் வந்தது. ஒரு நாள் வரும். மறுநாள் வராது. அதற்கடுத்த நாள், சொல்லிவைத்த விருந்தாளி போல, அதே நேரத்துக்கு வந்து நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை. பல் அடித்துக்கொள்ளும் ஓசை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பிறகு உடம்பு தீயாகும். பால் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஆறு ஓடுகிறது, நம் வீடு அதில் மிதந்து போகிறது என்று பிதற்றுவாள். நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். மூடுபனி விலகாத காலைகளில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான் அந்தத் தோட்டத்தின் டிரெசர். மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் என் தொழில். பெரிய சண்டை முடிந்த வருடம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன். ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்துபோய், மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி ஆண்டவரைப் பற்றிச் சொல்வேன். தூரத்தில் மேகத்துக்குள் பாதி மறைந்து நிற்கும் சுண்ணாம்பு மலைகளைக் காட்டி, இவற்றை நிறுத்தியவருக்கு உங்கள் ஒவ்வொருவர் பெயரும் தெரியும் என்பேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். என் சொற்களின் இனிமையில் நானே மயங்கிப்போவேன். அந்த மயக்கத்தோடுதான் வீடு திரும்புவேன். கிருபை வாசலில் ரப்பர் கொட்டைகளை வைத்துத் தனியே விளையாடிக்கொண்டிருப்பாள். அவளிடம் பேச என்னிடம் சொல் மிச்சம் இருக்காது.

காய்ச்சலைத் தடுக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் கொய்னா மாத்திரை கொடுக்க வேண்டும். கடும் கசப்பு. நாக்கின் அடியில் ஒளித்துவைத்து, நான் நகர்ந்ததும் துப்பிவிடுவார்கள். அதனால் ஆயாக் கொட்டகை வாசலில் வரிசையாக நிறுத்தி, விழுங்கச் சொல்லி, ஒவ்வொரு வாயையும் திறந்து காட்டச் சொல்வேன். தாய்மார் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போயிருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னம்மா அக்கா பக்கத்தில் நின்று கன்னங்களைப் பிடித்துக்கொள்வார்.

கிருபை அந்த வரிசையில் நின்றதே இல்லை. டிரெசர் மகளுக்கு வரிசை எதற்கு என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை. வாராவாரம் அவளுடைய மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போய், சுவர்ப் பலகையில் வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்துவிடுவேன். வைத்ததோடு என் கடமை முடிந்தது.

முதல் குளிர் வந்த அன்று என் மனைவி ஞானமணியிடம், மாத்திரை தவறாமல் கொடுத்தாயா என்று கேட்டேன். “நீங்க குடுக்குறீங்கன்னுல்ல நான் இருந்தேன்” என்றாள்.

பலகையில் கைவிட்டுத் துழாவினேன். வேதப்புத்தகத்தின் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன, கட்டு அவிழாத பொட்டலங்கள். அவற்றின் மேல் தூசி. புத்தகத்தின் மேலும் அதே தூசி.

செய்தி கேட்டு வந்த பொன்னம்மா அக்கா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே, “ஊருப் புள்ளைங்க வாயெல்லாம் தொறந்து பாத்தீங்கய்யா. சொந்தப் புள்ள வாய மட்டும் வுட்டுட்டீங்க” என்றார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் அன்று என் ஆண்டவர் அவர் வாயால்தான் என்னோடு பேசினார் என்று நம்புகிறேன்.

இப்போது மாத்திரை கொடுத்தால் பிள்ளையின் வயிற்றில் தங்கவில்லை. தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் வாந்தி. இரண்டாம் முறை வந்த குளிர் முதலாவதை விடக் கொடுமை. கண்கள் மேலே செருகிக்கொண்டன. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், மழையில் ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் முறைக்குப் பிறகு கண் திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தகப்பன்மாருக்கு ஆறுதல் சொல்லியும் இருக்கிறேன். எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

மூன்றாம் முறை வரவேண்டிய நாளும் வந்தது. மழை விட்டு, கழுவிய தட்டு போல வானம். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, மரத்தடிகளில் சொல்வது போலவே நீளமாக, அழகழகான சொற்களில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கிருபை கண் திறந்து, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். ஆண்டவரோடு அம்மா, நீயும் ஜெபம் பண்ணு என்றேன்.

“எனக்குத் தெரியாதுப்பா.”

காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். நான் வெளியே போகிற ஞாயிறுகளில், ஈப்போ சபையின் உபதேசியார் சைக்கிளில் வந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுப் பள்ளி நடத்துகிறாரே. அங்கே சொல்லித் தந்தார்களே என்றேன்.

“எல்லாரும் சொல்றப்ப நானும் வாய அசைப்பேன்” என்றாள். “உபதேசியார் ஐயா என்னையக் கேக்கவே மாட்டாரு. நீ டிரெசர் மவ, உனக்குத் தெரியும்பாரு.”

சகோதரரே, என் கால்கள் நின்றுவிட்டன. வீட்டில் கிடைக்கும் என்று சபை இருந்தது. சபையில் கிடைக்கும் என்று வீடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை வெறும் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முற்றத்தில் நிழல் இறங்கிவிட்டது. ஞானமணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பாயில் உட்கார்ந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டோம். என் அழகான சொற்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது இவ்வளவுதான்: “இயேசப்பா, எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல வந்து உக்காருங்க.” கிருபை அதைத் திருப்பிச் சொன்னாள். ஞானமணியும் சொன்னாள். மூன்று பேரும் மறுபடி மறுபடி அதையே சொன்னோம். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பிறகு கிருபை தானாகவே மாத்திரையைக் கேட்டாள். பொடித்து, கஞ்சித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். யாரும் சொல்லாமலே வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

வாந்தி வரவில்லை.

நிழல் பீப்பாயைத் தொட்டது. பீப்பாயின் மேல் ஏறியது. அதைத் தாண்டி வேலிச் செடிகளுக்குள் போயிற்று. குளிர் வரவில்லை. என் கைக்குள் அவள் கை வெதுவெதுப்பாக, வியர்வையோடு இருந்தது. நான்காவதாக ஒருவர் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால், என்னைக் கனவு காண்கிறவன் என்பீர்கள். சொல்லுங்கள். பாயில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மருந்துதானே வேலை செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், மருந்துதான். அது எத்தனையோ வாரம் என் பலகையிலேயே கிடந்தது. அதை எடுக்க எனக்குக் கையையும், அது தங்க என் பிள்ளைக்கு வயிற்றையும் கொடுத்தவரை நான் ஸ்தோத்திரிக்கிறேன்.

அவள் தேறி எழுந்து நடக்க மார்கழி ஆகிவிட்டது. அதற்குமுன் பாலம் கட்டி முடிந்து உபதேசியார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவைத்தார். “உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க தம்பி. நானும் அந்தப் புள்ளையக் கேக்கலையே” என்றார். அடுத்த ஞாயிறு முதல், யார் வீட்டுப் பிள்ளையானாலும், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார். தாய் தகப்பன்மாரையும் பின்னால் உட்காரச் சொல்கிறார். நான் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வெளியே போகிறேன். கிருபையும் கூட வருகிறாள். காலையில் கொய்னா வரிசையில் முதல் ஆளாக நிற்பவளும் அவள்தான்.

பிள்ளை பெற்றவர்களே, உங்கள் வீட்டுப் பலகையையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். சபை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். சபையாரே, வீடு பார்த்துக்கொள்ளும் என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள். நம் சொற்கள் அழகாக இருக்கத் தேவையில்லை. அவர் வந்து உட்காருகிறவர்.

இப்போது தினமும் நிழல் பீப்பாயைத் தொடும் நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் பாயை விரித்து உட்காருகிறோம். போன வாரம் ஒரு நாள், வேலைக் களைப்பில் அவர்கள் இருவரும் சொல்லட்டும் என்று நான் கண்ணை மூடிச் சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கை என் கன்னத்தைப் பிடித்தது.

“அப்பா, வாயத் தொறங்க. பாப்போம்.”