விசாகத்தன்று வந்த இரண்டு கோழிகள்

சேவலைக் கொடியில் அமர்த்திச் செந்திற் கரையில் நின்றருளும் வேலவனே, அந்தியில் அடைய இடம் தேடும் எந்த உயிருக்கும் நீயே காவல். இதை எழுதும் கைக்கும் துணையாயிரு.

அன்று வைகாசி விசாகம். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களின் காவடிப் பாட்டு விடியலிலிருந்தே சாலையில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நல்ல நாளைப் பார்த்துத்தான் வேம்பாரிலிருந்து என் அக்காவை வரவழைத்திருந்தோம். அத்தான் மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. உப்பளத்தை ஒட்டிய அந்த வீட்டில் தனியே இருக்க வேண்டாம் என்று நானும் மனைவியும் பலமுறை வற்புறுத்திய பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் கால் கட்டிய இரண்டு கோழிகளோடும் பேருந்திலிருந்து இறங்கினாள். ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் நிறம்.

“இதுவளுக்கு இங்கன எடம் கெடச்சா எனக்கும் கெடச்ச மாதிரிதாம்லே. இல்லேன்னா மூணு பேரையும் சேத்து பஸ் ஏத்தி விட்டுரு” என்று சிரித்தாள். விளையாட்டுப் பேச்சாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் புறவாசலில் மனைவி வளர்க்கும் கோழிகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்குத் தலைமை ஒரு செவலைக் கோழி. அது தின்று விலகிய பிறகே மற்றவை தீனியில் அலகு வைக்கும்.

பசுவானாலும் தையல் இயந்திரமானாலும், புதிதாக வந்த எதையும் பொட்டு வைத்தே உள்ளே கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி ஆரத்தி கரைத்துச் சுற்றினாள். குழைத்த குங்குமத்தை விரல் நிறைய எடுத்து இரண்டு கோழிகளின் முதுகிலும் அப்பினாள். அக்கா தள்ளி நின்றாள். அவள் நெற்றியில் திருநீறு மட்டும்.

“என்ன மதினி, அங்கனயே நிக்கிய? உங்க புள்ளையளுக்குத்தான் சீர் நடக்கு” என்றாள் மனைவி.

நல்ல நேரம் கழிவதற்குள் கட்டை அவிழ்த்துப் புறவாசலில் விட்டோம். செவலை கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்தது. அந்தச் சிவப்பு அதன் கண்ணுக்குத் திறந்த காயமாகவே பட்டிருக்க வேண்டும். பாய்ந்தது. அதைக் கண்டு மற்றவையும் பாய்ந்தன. பொட்டிருந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தின. சற்று நேரத்தில் குங்குமம் எது, குருதி எது என்று பிரித்தறிய முடியவில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து, பக்கத்து வீட்டில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியை எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கோழிக்கா சடங்கு கழிக்கிய? செவப்பக் கண்டா அதுவ விடுமா? மொதல்ல புடிங்க!”

எங்களுக்கு முன்னே அக்கா ஓடினாள். இரண்டையும் அள்ளி மடியில் போட்டு, முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். சுவடு தெரியாதபடி அழுந்த அழுந்தத் துடைத்தாள். ஓராண்டுக்கு முன் வேம்பார் வீட்டில் அவள் நெற்றியை உறவுப் பெண்கள் அப்படித்தான் துடைத்தார்கள். அன்று உடனிருந்த என் மனைவி, ஆரத்தித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம். கறுப்புக் கோழி தண்ணீரைக்கூடத் தொடாமல் மறுநாள் இறந்தது. வேப்பமரத்தடியில் குழி தோண்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்தபோது அக்கா கேட்டாள்: “வேம்பாருக்கு கடைசி பஸ் எப்பம்லே?”

அன்று மாலை வழக்கம்போல் பாராயணத்துக்கு அமர்ந்தேன். அடைக்கலம் என்று வந்தவரைத் தள்ளாத பெருமானைப் போற்றும் பாடல்கள். நா பழக்கத்தால் சொல்லிக்கொண்டு போயிற்று. நெஞ்சு புறவாசலில் கிடந்தது.

“இந்தச் சாம்பலுக்குக் காயம் ஆறுத மட்டுமாவது இரி” என்று கெஞ்சித்தான் அவளை நிறுத்தினோம். புறவாசலின் குறுக்கே பழைய மீன்வலையைக் கட்டி, சாம்பல் கோழியை ஒருபுறம் விட்டோம். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. வலையின் இருபுறமும் தீனி வைத்தோம். அதிகாரம் குலையட்டும் என்று செவலையைத் தனியே பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தோம். எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூசி வலையில் படிய, அக்கா நாளெல்லாம் அதன் அருகே உட்கார்ந்திருந்தாள்.

முதுகில் புது இறகு முளைத்தது. இம்முறை நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. விளக்கேற்றிய வேளையில், கூட்டில் மற்றவை கண் செருகியபின், அக்கா சாம்பலைக் கொண்டுபோய்க் கழியின் கடைசியில் உட்கார்த்தினாள். விடிந்தபோது எதுவும் அதன்மேல் பாயவில்லை. பின்னர் செவலையைத் திறந்துவிட்டோம். அது ஒருமுறை கொத்தியது. சாம்பல் விலகிக்கொண்டது. அவ்வளவோடு அடங்கிற்று.

இன்றும் மற்றவை தின்று தீரும்வரை சாம்பல் சுவரோரம் நிற்கிறது. உள்ளே, மனைவி நித்தமும் அழைக்கிறாள்: “மதினி, சேந்து உக்காருங்க.” அக்காவின் பதிலும் மாறுவதில்லை: “நீங்க தின்னுங்க. எனக்குப் பசிக்கல.”

“இனி இங்கதான இருப்ப?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணு போச்சு, ஒண்ணு நிக்கி. பாதி இருக்கேன்னு வச்சுக்கோலே.”

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கயிறு அவிழ்க்கப்படாமலே கிடக்கிறது. நாங்களும் அதைத் தொடுவதில்லை.

இதைப் படிக்கும் எல்லோருக்கும், பொழுது சாயும்போது அடைவதற்கு ஒரு கழியும், சற்றே நகர்ந்து இடம் கொடுக்கும் ஓர் உயிரும் வேலவன் அருளால் வாய்க்கட்டும்.