பழவேற்காட்டில் இல்லாத கோட்டை

1953ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று வாடகை சைக்கிளில் பழவேற்காட்டுக்குப் போய் வந்தேன். போக நேர்ந்ததற்குக் காரணம், நானே எழுதிய ஒரு கட்டுரை.

அப்போது திருவொற்றியூரில் ஓர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். மாலை நேரங்கள் வாசகசாலையில் கழிந்தன. அங்கே மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதிதான், அது அங்கத்தினர் வீடுகளைச் சுற்றி வரும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கருத்து எழுதலாம். வருஷத்துப் பன்னிரண்டு இதழ்களும் பொங்கல் விடுமுறை முடிந்ததும் பைண்டரிடம் போகும்; திரும்பி வந்தால் அலமாரிக்குள் நிரந்தரமாக இருக்கும். அதில் வரலாறு என் பொறுப்பு. தேதி தவறாமல் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மார்கழி இதழில் பழவேற்காட்டு டச்சுக் கோட்டையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். நான்கு மூலைக் கொத்தளங்கள், அகழி, பெரிய வாசல் எல்லாம் பழைய புத்தகங்களிலிருந்து கவனமாக எடுத்தவை. அந்தப் புத்தகங்களுக்கு எத்தனை வயது என்று மட்டும் பார்க்கவில்லை. இன்றைக்குப் போனாலும் காணலாம் என்று முடித்ததோடு, கொத்தளத்து நிழலில் சாய்ந்தபடி ஒரு மீனவர் வலை பின்னுகிறார் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொந்தச் சரக்கு.

இதழ் என் நண்பன் ஒருவனிடம் போனது. துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை, கடலோரக் குப்பத்துக்காரன், வாசகசாலையில் என்னைவிட வேகமாகப் படிக்கிறவன். மறுநாள் மாலை எல்லார் முன்னாலும் கேட்டான்:

"இன்னா மாமு, எங்க அத்த ஊர்ல எப்போ கோட்ட கட்ன?"

சிரிப்பு அடங்கக் காத்திருந்து மேலே சொன்னான். "நா பொறந்ததுலேந்து அங்க போய்க்கினு வந்துகினு கீறேன். அங்க ஒரு செவுரு கெடையாது. நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் இல்லை, பார்க்கவில்லை என்று சொல்லவும் இல்லை. மூல நூல்களின் பெயர்களைச் சொன்னேன். அவன் அவற்றை மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், "கோட்டை எங்கே உள்ளது என்று ஆசிரியர் காட்டினால் நலம்" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தான்.

அன்றிரவே முடிவு செய்தேன். பைண்டு ஆகிவிட்டால் அந்த எட்டுப் பக்கமும் அலமாரியில் உண்மையாகவே உட்கார்ந்துவிடும். பத்து வருஷம் கழித்து எவனாவது என்னைப் போல் ஒருவன் அதிலிருந்து எடுத்து எழுதுவான். அதற்கு முன் போய்ப் பார்த்தாக வேண்டும். இருந்த ஒரே விடுமுறை, பொங்கலின் மூன்று நாள்தான். நண்பனையும் கூப்பிட்டேன். அவன் சாட்சியில்லாமல் நான் என்ன சொன்னாலும் எடுபடாது.

வாடகை சைக்கிள் கடைக்காரர் தெற்கத்தி மனிதர். இரண்டு சைக்கிள் வேண்டும், பழவேற்காடு வரை என்றதும் தலையை ஆட்டினார். "எண்ணூரு தாண்டப்பிடாது தம்பி. செயினு அந்து போச்சின்னா நான் எங்க வந்து தேட?" அவருக்கு இன்னொரு பயமும் உண்டு. வெளியூர் போகிறவர்கள் நல்ல டியூபையும் சீட்டையும் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் மணி, சீட்டு, பெடல் என்று ஒவ்வொன்றிலும் உளியால் எண் கொத்தியிருப்பார். டியூபில் பச்சை வண்ணத்தில் ஒரு வளையம் போட்டிருப்பார். நான் ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டு வண்டிகளின் உறுப்புகளையும் எண்களோடு வரிசையாக எழுதி, டியூபின் பச்சை வளையத்தையும் சேர்த்து, இரண்டு பிரதியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் சரிபார்த்தார். பிறகு இரண்டு வண்டிக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

விடியும் வேளையில் கிளம்பினோம். ஊரே கடற்கரைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. நாங்கள் மணலிப் பக்கம் திரும்பினோம். மீஞ்சூர் வரை பேசிக்கொண்டே போனோம். பொன்னேரிக்குப் பிறகு வாடைக்காற்று நேர் எதிரே வந்தது. பேச்சு நின்றது. இருபுறமும் அறுப்பு முடிந்த வயல்கள். பொன்னேரி தாண்டி முக்கால் மணி நேரம் போயிருப்போம், நண்பனின் பின்சக்கரத்தில் முள் ஏறியது. ஒட்ட முடியாத அளவுக்கு டியூப் கிழிந்திருந்தது. காணும் பொங்கலன்று அந்தப் பக்கம் எந்தச் சைக்கிள் கடையும் திறந்திராது.

அவன் வரப்பில் உட்கார்ந்தான். கிண்டல் ஏதுமில்லாமல் சொன்னான்:

"இத்தோட வுட்று மாமு. பாத்துட்டேன்னு எழுதிக்கோ. நா சாட்சி சொல்றேன். எவன் கேக்கப் போறான்?"

"நீ கேட்டியே."

"நா கேட்டது சும்மா தமாஷுக்கு."

"நான் எழுதினது தமாஷுக்கு இல்லையே" என்றேன்.

அவன் சொன்னதில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. தொடை இரண்டும் கட்டையாகியிருந்தன. எழுதியவனும் ஆட்சேபித்தவனும் ஒத்துப்போனால் வாசகசாலையில் யார் வாய் திறப்பார்கள்? ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதும் எந்தத் தேதியையும் நானே நம்ப முடியாது. சண்டைக்காலத்தில் டியூப் கிடைக்காதபோது டயருக்குள் வைக்கோல் அடைத்து ஓட்டியதாக ஒரு பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. பக்கத்துக் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். இரண்டு கட்டு தந்தார். என்னத்துக்கு என்றுகூடக் கேட்கவில்லை.

"இதுவும் பொஸ்தகத்துல படிச்சதா?" என்றான் நண்பன்.

ஆமாம் என்றேன். கவலையோடு பார்த்தான்.

முதல் தடவை பத்துச் சுற்றிலேயே வைக்கோல் பிதுங்கி வெளியே வந்தது. இரண்டாவது தடவை கயிறாக முறுக்கித் திணித்தோம். ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக, ஏறியவனைக் குதிரை போல் தூக்கிப் போட்டது. மூன்றாவது தடவை வைக்கோலைத் தண்ணீரில் நனைத்து, சம்மட்டிக்குப் பதில் ஒரு கல்லால் இடித்து இறுக்கினோம். நின்றது. பச்சை வளையம் போட்ட டியூபை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்த வண்டியை மைலுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டினோம்.

பகல் ஒரு மணிக்குமேல் பழவேற்காடு. நண்பனின் அத்தை எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கோட்டை பார்க்க வந்தோம் என்றதும், "முள்ளுங் கல்லும் பாக்கவா இம்மாந் தூரம் மிதிச்சிகினு வந்தீங்கோ?" என்றாள். ஆனாலும் கூடவே வந்து காட்டினாள்.

அங்கே ஒரு மேடு இருந்தது. மேட்டின்மேல் முட்புதர். சுற்றிலும் பச்சைத் தண்ணீர் நின்ற அகழி. அதில் இரண்டு எருமைகள் கழுத்தளவு கிடந்தன. அகழி மட்டும் நான் எழுதியபடியே இருந்தது. கொத்தளம் இல்லை. வாசல் இல்லை. மண்ணில் பாதி புதைந்த செங்கல் வரிசை ஒன்று தெரிந்தது. அதை ஒட்டி அடி அளந்து நடந்தேன். முள் வழிவிடாத இடத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணிக்கையைக் குறித்தேன்.

"உன் ஆளு எங்க மாமு, வல பின்னினவரு?" என்றான் நண்பன்.

கோட்டை எங்கே போயிற்று என்று அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. வீட்டுக்குத் திரும்பி வாசற்படியைக் காட்டினாள். மேட்டில் பார்த்தது போலவே, நம் ஊர்ச் செங்கல்லைவிடச் சிறிதான, மெல்லிய செங்கற்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றடியிலும் அவையே. அதற்கடுத்த வீட்டு அடுப்பு மேடையிலும். ஒன்றைச் சாண் போட்டு அளந்தேன். அத்தை மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். நான் நோட்டுப் புத்தகத்தை மூடாமலே சாப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது பொன்னேரியில் ரயில் ஏறினோம். சைக்கிள்களை ரயிலின் கடைசிப் பெட்டியான கார்டு வண்டியில் போட்டோம். விளக்கு வைக்கும் நேரத்தில் கடை. கடைக்காரர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். டயரைப் பிரித்ததும் வைக்கோல் கொட்டியது. என் தோளிலிருந்த டியூபின் வளையத்தைப் பார்த்துவிட்டு, பட்டியலில் கடைசி வரிக்கு எதிரே சரி என்று ஒரு கோடு போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தத்தை எழுதி வாசகசாலைக் காரியதரிசியிடம் கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், என்மேல் அன்புள்ளவர். "இக்கட்டுரையாளர் கோட்டையை நேரில் பார்க்காமல் எழுதினார்" என்ற முதல் வரியை அடித்துவிட்டு, "சமீபத்தில் கிடைத்த தகவலின்படி" என்று மாற்றினார். வாசகசாலையின் கௌரவத்தைக் கருதித்தான். நான் அதை அடித்து, பழைய வரியைத் திரும்ப எழுதினேன். வலை பின்னும் மீனவர் என் கற்பனை என்றும் கீழே சேர்த்தேன். கட்டுரையையே கிழித்துவிடலாமே என்றார். அதற்கும் ஒப்பவில்லை. தவறு இருந்தால்தானே திருத்தம் எதற்கு என்று தெரியும்? நண்பன் எழுதிய கருத்தும் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். கடைசியில் அவர் சம்மதித்தார்.

மறுநாள் காலை இதழ்களோடு நானும் பைண்டரிடம் போனேன். திருத்தத் தாளைக் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு எதிரே நானே ஒட்டினேன். பசை காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ஊசி அந்தத் தாளின் வழியாகவும் போய் வந்ததைப் பார்த்த பிறகுதான் ஆலைக்குக் கிளம்பினேன். வருகைப் புத்தகத்தில் அன்று எனக்கு அரை நாள் விடுப்பு.