கொக்கியில் தொங்கிய பூச்சட்டி

ஜேர்மனியில், எசன் நகரத்தில் உள்ள அஞ்சலா அன்ரியின் வீட்டுக்கு முதல்தடவை வருகிற எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கீழே பார்க்கவே கண் போதாது. கால் வைக்கிற இடமெல்லாம் ஒரு மரக்கட்டையோ, பாதி கடித்த பிஸ்கட்டோ, முழுசாக ஒரு குழந்தையோ கிடக்கும். அதனால்தான் உள்ளறைச் சீலிங்கில் இருந்த இரும்புக் கொக்கி இத்தனை வருடமும் தப்பிப் பிழைத்தது.

அன்ரி வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர். விடிய வேலைக்குப் போகிற தாய்தகப்பன்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ஜேர்மன்காரர் இந்த வேலையைத் 'தாகெஸ்முட்டர்' என்பார்கள், பகல்நேர அம்மா. பகலுக்கு மட்டும் அம்மாவாக இருப்பதற்கும் இந்த நாட்டில் அனுமதி வேண்டும். அந்த அனுமதி முடிகிற நேரம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைத் துருவிப் பார்த்துவிட்டுத்தான் புதுசு கொடுப்பார். முன்பெல்லாம் வந்தவருக்குக் கழுத்துப் பிடிப்பு. மனுசன் அண்ணாந்ததே கிடையாது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தத் தடவை ஃபிராவ் லிண்டெமன் என்று ஒரு புது மனுசி. கழுத்து எப்படியோ தெரியாது.

கொக்கிக்கு ஒரு கதை உண்டு. மகன் நிதுசன் பிறந்தபோது ஏணை கட்டுவதற்காக அன்ரியின் புருசன் கொட்வின் அங்கிள் பூட்டியது அது. ஏணை என்றால் சேலையில் கட்டுகிற தொட்டில். அங்கிள் துளை போட்ட சத்தத்தில், தன் வீட்டு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு யாரோ வருகிறார்கள் என்று மேல்வீட்டு யூர்கன் படியிறங்கி ஓடிவந்தார். வந்தவரை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டார் அங்கிள். வேலை முடிய வடையும் தேத்தண்ணியும் கிடைத்தது. கலியாணத்துக்கு அடுத்தநாள் உடுத்த மயில்கழுத்து நிற நூல்சேலையை அன்ரி அந்தக் கொக்கியில் மாட்டினார். அன்றைக்கு அதற்குள் சுருண்டு கிடந்த நிதுசன் இப்போது டோர்ட்மண்டில் தாடியோடு படிக்கிறான்.

அவனுக்குப் பிறகு அந்தச் சேலைக்குள் நித்திரையான பிள்ளைகள் எத்தனையோ பேர். வளைவிலுள்ள பேக்கரியில் நிற்கிற லேயா அதில் ஒருத்தி. பாணைச் சுற்றித் தருகிறபோது இன்றைக்கும் இலேசாக ஆடிக்கொண்டுதான் நிற்பாள். வீடே அதிர அழுத யூனுசும் அதில் ஒருவன். இப்போது கதவளவு உயரம். பஸ் தரிப்பில் அன்ரியைக் கண்டால் கூட்டாளிமாருக்குக் கேட்காத மாதிரிக் குனிந்து, "அந்த நீலத்துணி இன்னும் இருக்கா?" என்பான். இருக்கு என்றால் ஒன்றும் நடக்காதவன்போல் திரும்பி நின்றுகொள்வான். அன்று முழுக்க அன்ரிக்குச் சமையலில் உப்பு எத்தனை தரம் போட்டது என்று நினைவிருக்காது.

சட்டம் அன்ரிக்குத் தெரியாததல்ல. குழந்தை தட்டையான கட்டிலில் மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தவர்கள். அதனால் கண் சொருகும்வரைதான் ஏணை, சொருகியதும் தூக்கிக் கட்டிலில். நித்திரை கொள்வது கட்டிலில்தானே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தார். அந்த நியாயத்தை வேறு யாருக்கும் சொல்லிப் பார்த்ததில்லை.

பரிசோதனைக்கு முதல்நாள் மின்சாரத் துளைகளுக்கு மூடி போட்டாயிற்று. மருந்தெல்லாம் உயரத்துக்கு ஏறியாயிற்று. ஏணையும் கழன்று அலுமாரி இலாச்சிக்குள் போய்விட்டது. கொக்கிதான் மிச்சம்.

"இஞ்சருங்கோ, உதைக் கழட்டி விடுங்கோவன்."

"அது கழறாது. நான் பூட்டினது," என்றார் அங்கிள்.

"நீங்கள் பூட்டின அலுமாரிக் கதவு தன்ரபாட்டில கழண்டு விழுந்தது."

"அது கதவின்ர பிழை."

"வாற மனுசி ஏன் கொக்கி எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"ஆட்டுக்கிடாய் தூக்கிறனாங்கள் எண்டு சொல்லும்."

"உங்களைத்தான் தூக்கோணும்."

உண்மையில் இரண்டு பேருக்குமே அதைக் கழற்ற மனமில்லை. கடைசியில் அங்கிள் பல்கனியில் இருந்த மண் பூச்சட்டியைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார். ஏணை போன இடம் வெறிச்சென்று தெரிந்ததால் அன்ரி ஒரு சின்னக் கட்டிலை இழுத்து நடுவில் போட்டார். இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"வடிவாத்தான் கிடக்கு," என்றார் அன்ரி.

மறுநாள் ஃபிராவ் லிண்டெமன் வந்தார். குசினி, குளியலறை, படிக்கதவு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், உள்ளறை வாசலில் நின்று நிதானமாக அண்ணாந்தார். கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"இந்தக் கட்டிலில் குழந்தை படுக்கிறதா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் அன்ரிக்கு உறைத்தது. கொக்கியை ஒளிக்கப்போய், குழந்தையின் தலைக்கு நேர்மேலே மண்சட்டி தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தான் ஹென்றி. இருக்கிற பிள்ளைகளில் அவன்தான் கடைக்குட்டி. பொன்னிற மயிர், பேச்சு இன்னும் வராது. வழக்கமான இடத்தில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சொன்னான்.

"ஏணை."

"என்ன கேட்கிறான்?" என்றார் லிண்டெமன்.

பூவைக் கேட்கிறான் என்று சொன்னால் அலுவல் முடிந்தது. சட்டிக்கு ஒரு திட்டு விழும், அனுமதி கிடைக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் ஹென்றி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான், தூக்கிய கை தூக்கியபடி. தான் சொன்னது அன்ரிக்கு விளங்கும் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அன்ரி இலாச்சியைத் திறந்து சேலையை எடுத்தார். கொக்கி ஏன், சட்டி ஏன், கண் சொருகும்வரைக்கும் என்ன நடக்கும், எல்லாவற்றையும் சொன்னார்.

"யாராவது விழுந்திருக்கிறார்களா?"

"இல்லை. அதனால் இது சரி என்று நான் சொல்லமாட்டேன்."

லிண்டெமன் சேலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். துவைத்துத் துவைத்து அது கைக்குட்டைபோல் ஆகியிருந்தது. "சட்டி இப்போதே இறங்கவேண்டும். வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன், அப்போது கொக்கி இருக்கக்கூடாது. இருந்தால் அனுமதி இல்லை," என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "நீங்களாகச் சொன்னதையும் மறக்கமாட்டேன்."

ஹென்றிக்கு அதெல்லாம் தேவையில்லை. அவன் அழத் தொடங்கிவிட்டான். அன்ரி நிலத்தில் அமர்ந்து, காலை நீட்டி, அவனைக் கால்களின் மேல் கிடத்தி ஆட்டினார். லிண்டெமன் வாசலிலேயே நின்றார். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. தூக்கிச் சுவரோரக் கட்டிலில் கிடத்தினார்.

அடுத்தநாள் அங்கிள் ஏணியில் ஏறினார். ஏணி இழுத்த சத்தத்துக்கு யூர்கன் இறங்கி வந்தார். மயிர் நரைத்து, கைத்தடியும் வந்துவிட்டது. ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வடை இருக்கா என்றும் கேட்டார்.

"கஷ்டப்பட வேண்டி வரும். நான் பூட்டினது," என்று சொல்லிக்கொண்டே அங்கிள் கொக்கியைத் திருகினார். இரண்டே சுற்று. சுண்ணாம்புத் தூளோடு கையில் வந்தது.

கீழே நின்ற அன்ரி அதை வாங்கிப் பார்த்தார். லேயா, யூனுஸ், ஹென்றி எல்லாருடைய பாரத்தையும் தாங்கிய இரும்பு. எப்போதிருந்து இளகிக் கிடந்ததோ. அலுமாரிக் கதவைப் பற்றி ஒரு பகிடி விட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அன்ரி கொக்கியில் ஒட்டிய தூளைத்தான் துடைத்துக்கொண்டு நின்றார். அங்கிளும் ஏணியில் நின்றபடியே துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூர்கன் மட்டும் வடைக்காகக் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை லிண்டெமன் வந்தார். அண்ணாந்தார். பூசி மறைத்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தார். அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஹென்றி அந்தப் பொட்டுக்குக் கீழே போய் நின்று கையைத் தூக்கினான். அன்ரி நிலத்தில் அமர்ந்து, மயில்கழுத்துச் சேலையை மடித்துக் காலில் விரித்து, அதில் தட்டிக் காட்டினார். அவன் யோசித்தான். பிறகு ஏறிப் படுத்து, முகத்தைச் சேலைக்குள் புதைத்தான்.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "உம்மட முழங்காலை ஆர் வந்து பரிசோதிக்கிறது?"

"சத்தம் போடாமல் போங்கோ," என்றார் அன்ரி. "பிள்ளைக்குக் கண் சொருகுது."