இஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய்

வயிற்றுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே எண்ணெய்தான் இருக்கிறது என்றால், எதில் முதலில் ஊற்றுவது? மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் கலியாணசுந்தரம் என்றோர் இஞ்சின் டிரைவர் வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அவருக்கோ அது கேள்வியாகவே நெடுநாள் தோன்றவில்லை. இஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் இறங்கும், எண்ணெய் இறங்கினால்தான் வயிறு. ஆகவே இஞ்சின் முதலில். இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது கடினம். பிழையில்லாத கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் தவறிப்போகலாம் என்பதுதான் அவருடைய கதை.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்து இஞ்சின் அறையில் துடைக்கிற வேலையில் தொடங்கி, வாலிபத்தில் மலாக்காவுக்கு வந்து, அப்துல் கய்யூமின் தேங்காயெண்ணெய் மில்லில் டிரைவரானார். மில்லின் முகம் சாலையைப் பார்த்திருந்தது. தொழிலாளர் வீடுகள் அதன் பின்சுவரை ஒட்டிக் கிடந்தன. உள்ளே ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்று, ஆள் உயரச் சக்கரத்தோடு. சக்கரம் சுற்றினால் கொப்பரை நசுங்கும். அவர் அந்த இஞ்சினைக் காலையும் மாலையும் துடைப்பார். மனிதர்களிடம் அவ்வளவு பொறுமை அவருக்கு இல்லை. மனைவி கமலவேணியை அவர் அடித்ததில்லை. குடிப்பழக்கமும் இல்லை. நல்ல கணவர் என்பதற்கு அந்தக் காலத்தில் அவ்வளவே போதுமானதாக இருந்தது.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் டீசல் அற்றுப்போனது. ராணுவ அதிகாரி ஒருவன் மில்லுக்கு வந்து நின்றான். விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் எண்ணெய் வேண்டும், மில் நிற்கக் கூடாது, நின்றால் வேலையில்லாத ஆட்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொல்லிவிட்டுப் போனான். சயாமுக்குப் போனவர்களில் யாரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை.

"டீசலுக்கு எங்க போறது, சுந்தரம்?" என்றார் கய்யூம். தொழிலாளர்களுக்கு அவர் 'தவுக்கே', முதலாளி.

"பீப்பா பீப்பாயா எண்ணெய் நிக்குதே, தவுக்கே. அதையே ஊத்துவோம்."

"தேங்காயெண்ணெயவா?"

"விளக்குல எரியுறது இஞ்சின்ல எரியாதா?"

எரிந்தது, ஆனால் எளிதில் எரியவில்லை. எண்ணெய் தடித்துக் குழாயை அடைத்தது. இஞ்சின் இருமி நின்றது. பல நாள் தோற்றபின், சூடான புகைக்குழாயைச் சுற்றிச் செம்புக் குழாய் ஒன்றை வளைத்து, அதன் வழியாக எண்ணெயை அனுப்பினார். சூட்டில் எண்ணெய் தண்ணீராய் இளகிப் போய்ச் சேர்ந்தது. பதுக்கி வைத்திருந்த டீசலில் ஒரு குவளையை ஊற்றிக் கிளப்புவது, சூடேறியதும் செம்புக் குழாயின் திருகைத் திறந்து தேங்காயெண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்துமுன் மறுபடி கொஞ்சம் டீசலால் கழுவுவது. இப்படி அந்த இஞ்சின் போர் முடியும்வரை ஓடியது. மில்லிலிருந்து ஒருவர்கூடச் சயாமுக்குப் போகவில்லை. இது உண்மை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் தேங்காயெண்ணெயில் ஓடும் இஞ்சின் விடுகிற புகைக்கு ஒரு வாசம் உண்டு. பலகாரம் பொரிக்கிற வாசம். வீடுகளில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் வேகாத நாளில், அந்தச் சாலை முழுக்க, விடிந்தது முதல் பொழுது சாயும்வரை, யாரோ வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மில் சுவரோரம் வந்து மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும். தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிகளின் கிராமத்துப் பெண் ஒருத்தி கதவருகே நின்று, உள்ளே என்ன பொரிக்கிறீர்கள், கொஞ்சம் விற்பீர்களா என்று மலாயில் கேட்டாளாம். கொப்பரை மூட்டை தூக்கும் தியாகு அவளுக்குச் சொன்ன பதில் சாலையெங்கும் பரவியது: "இஞ்சினுக்குத்தான் பலகாரம். மிச்சம் இருந்தா சொல்லி அனுப்புறோம்."

மிச்சம் இருக்கவில்லை. இறங்கிய எண்ணெயை ராணுவம் எடுத்தது. தொழிலாளர்களுக்குக் கொடுத்துவந்த பங்கு அடுத்த வருடம் நின்றது. இஞ்சினின் தொட்டியில் மட்டும் நாள் தவறாமல் எண்ணெய் இருந்தது. சிப்பாய் ஒருவன் மாலையில் வந்து, தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, ஓடிய நேரத்துக்கு மீறிக் குறைந்திருந்தால் கன்னத்தில் அறைவான்.

மகள் மல்லிகாவுக்கு அப்போது இரண்டு வயது. சவர்க்காரம் இல்லாத ஊரில் சொறிசிரங்கு வீட்டுக்கு வீடு இருந்தது. அவளுக்குக் கால் இரண்டிலும் முழங்காலுக்குக் கீழே புண்ணாகிச் சீழ் வைத்தது. குப்பைமேனியை அரைத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் போட்டால் ஆறும் என்று கமலவேணிக்குத் தெரியும். இலை வேலியோரம் கிடந்தது.

"ஒரு கரண்டி எண்ணெய் கொண்டாங்க. பிள்ள ராத்திரியெல்லாம் சொறிஞ்சி அழுவுது," என்றாள்.

"கோலு விட்டுப் பார்க்கிறான், கமலா. இன்னைக்கி நீ கேக்குற, நாளைக்கி தியாகு பெண்டாட்டி கேப்பா. எல்லாருக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தா இஞ்சின் நின்னுரும். நின்னா எல்லாரும் சயாம்தான்."

அவள் மறுபடி கேட்கவில்லை. நீதிமான்கள் தங்கள் வீட்டில் நீதியைத் தொடங்குவதை நாம் மெச்சுகிறோம். அந்த வீட்டில் இருப்பவர்களிடம் நாம் விசாரிப்பதில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் மில்லில் வழக்கம் மாறவில்லை. கய்யூம், "நீங்க ஒங்க சாமியப் பாருங்க, நான் லுஹர் தொழுதுட்டு வர்றேன்," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு துக்காங் எமாஸ் தெருப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். இஞ்சினுக்குச் சந்தனமில்லாததால் மஞ்சள் பொட்டு வைத்து, செம்பருத்திப் பூச் சார்த்தி, அதன் முன்னால் அகல் விளக்கை ஏற்றினார் கலியாணசுந்தரம். கைகூப்பியவர்களின் பின்னால், கதவோரம், மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கமலவேணி நின்றாள்.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், டீசலும் வந்தது. செம்புக் குழாயைக் கழற்றச் சொன்னார் கய்யூம். கலியாணசுந்தரம் அதைக் கழற்றி, துடைத்து, சுருள் கலையாமல் சுவரில் மாட்டிவைத்தார். மல்லிகாவின் புண்கள் காலப்போக்கில் ஆறின; முழங்காலுக்குக் கீழே தோல் கருத்துத் தடித்து அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் குட்டைப் பாவாடை போட மாட்டேன் என்றாள்.

ஊர் அவருக்கு நன்றி சொல்லும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஊர் அவருக்கு 'இஞ்சினப்பன்' என்று பெயர் வைத்தது. பெயரை வைத்தவன் தியாகு. அவர் இல்லாவிட்டால் சயாமில் மண்ணாகியிருக்க வேண்டிய தியாகு. உயிரைக் காப்பாற்றியவரைவிட, பசித்த நேரத்தில் மூக்கில் ஏறிய வாசம்தான் மனிதர்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

சாயாக் கடையில் அவர் தேங்காயெண்ணெய்ப் பேச்சை எடுக்காத நாளில்லை.

"தரைக்குள்ள இருக்கிறத தோண்டித் தோண்டி எத்தனை நாளைக்கி ஓட்டுவ? ஒரு நாள் முடிஞ்சிரும். மரம் அப்படியா? இந்த மாசம் காய்ச்சா அடுத்த மாசமும் காய்க்கும். நான் ஓட்டிக் காட்டுனவன்லா."

"காட்டுனீங்கண்ணே. நாங்களும் நல்லா மோந்து பார்த்தோம்," என்பான் தியாகு. கடை சிரிக்கும்.

அவர் மரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அவர் பேசியது மரத்துக்காக அல்ல. எல்லார் முன்னாலும் ஒருமுறை அந்த இஞ்சினை ஓட்டிவிட்டால், தான் செய்தது ஊர் வயிற்றில் அடித்ததல்ல, சேவை என்று காஜா பேராங் ஒப்புக்கொள்ளும் என்று நம்பினார். பன்னிரண்டு வருடம் அந்த நம்பிக்கையில்தான் அவர் தலை நிமிர்ந்து நடந்தார்.

வாய்ப்பு மலாயாவின் விடுதலையோடு வந்தது. கய்யூம் இறந்து, மகன் ஷரீஃபுதீன் மில்லை நடத்திக்கொண்டிருந்தார். கொப்பரை விலை விழுந்து, எண்ணெய் பீப்பாயோடு தேங்கிய நேரம். விடுதலைக்கு மறுமாதம் பண்டா ஹிலிர் திடலில் பொருட்காட்சி என்று அறிவிப்பு வந்ததும் ஷரீஃபுதீன் நேரே இஞ்சின் அறைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தச் செம்புக் குழாய் இன்னும் இருக்கா?"

கலியாணசுந்தரம் சுவரைக் காட்டினார்.

"நம்ம நாட்டுத் தேங்கா, நம்ம நாட்டு எண்ணெய். வெளிநாட்டு டீசல் எதுக்குன்னு சொல்லி ஓட்டிக் காட்டுவோம். விவசாய இலாகா அதிகாரி துவான் வர்றாரு. அவரு தலையாட்டுனா நெல்லு மில்லுக்காரன், படகுக்காரன் எல்லாம் நம்மகிட்ட வருவான். இல்லேன்னா இந்த மில்லு எத்தனை மாசம்னு எனக்கே தெரியல."

"ஓடும், தம்பி. நீங்க ஆளுங்கள மட்டும் கூட்டிட்டு வாங்க. நம்ம சாலை ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம."

பொருட்காட்சிக்கு முந்தின நாள் மதியம் மில்லிலேயே வைத்து ஒத்திகை பார்த்தார்கள். இஞ்சின் இருமாமல் ஓடியது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த வாசம் மில் சுவரைத் தாண்டிப் போனது. நாலைந்து பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கமலவேணி அரிசி புடைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார். அப்படி உட்காருகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"நாளைக்கி நீயும் மல்லியும் வரணும். முன்னால நிக்கிறதுக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "வாசம் இங்க வரைக்கும் வந்துச்சி."

"ஆமா, அதே வாசம்." அவர் சிரித்தார்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த வருசம் ஆயுத பூசைக்கி இஞ்சின் முன்னால வெளக்கு ஏத்துனீங்களே. அதுக்கு எண்ணெய் எங்கேருந்து வந்துச்சி?"

"எந்த வெளக்கு?"

அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. முறத்தில் அரிசி ஒருமுறை எழுந்து விழுந்தது.

"தொட்டியிலேருந்துதான் இருக்கும்," என்றார் கடைசியில். "ஒரு கரண்டி. பூசைக்கில்ல அது? வழக்கம்தானே, கமலா."

"ஆமா. ஒரு கரண்டிதான்." அவள் கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "ஒரு கரண்டி எடுத்தா கோலுல தெரியாதுன்னு அன்னைக்கி ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

உள்ளே மல்லிகா பள்ளிப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். "சயாமுக்கு..." என்று தொடங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் இஞ்சினை மரச்சட்டத்தோடு லாரியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். கிளப்புவதற்கும் கழுவுவதற்குமாகச் சிறிய டின்னில் டீசல். ஓட்டுவதற்குப் பெரிய தகர டின் நிறையத் தேங்காயெண்ணெய். காஜா பேராங் முழுவதும் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்றது. கமலவேணியும் வந்திருந்தாள், மல்லிகாவோடு. வர மாட்டாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

டீசலை ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்றினார். இஞ்சின் பிடித்தது. ஷரீஃபுதீன் ஒலிபெருக்கியில் முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும், இப்போது நம் மண்ணின் எண்ணெய்க்கு இது மாறப்போகிறது என்றார். இலாகா அதிகாரி குனிந்து செம்புச் சுருளைப் பார்த்தார். கலியாணசுந்தரத்தின் கை திருகின் மேல் இருந்தது.

"தொறங்கண்ணே, பலகாரம் சுடுங்க," என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து தியாகு குரல் கொடுத்தான். இந்தமுறை அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கணுக்கால்வரை பாவாடை கட்டி முன்வரிசையில் நின்ற மல்லிகாவை அவர் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். கீழே இருந்த சிறிய டின்னைத் தூக்கி, மீதமிருந்த டீசல் முழுவதையும் ஊற்றினார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திடலில் டீசல் நாற்றம்தான் அடித்தது. டீசல் தீர்ந்ததும் சக்கரம் மெல்லத் தளர்ந்து நின்றது. இனி அதை அங்கே கிளப்புவதற்கு ஒரு துளியும் இல்லை.

"ஓடியது தேங்காயெண்ணெயிலா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"டீசல், துவான்."

"தேங்காயெண்ணெயில் இது ஓடுமா?"

"ஓடாது, துவான்."

"அண்ணே, நேத்து ஓடுச்சே," என்றார் ஷரீஃபுதீன்.

கயிற்றுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அது ஓடும் என்று தெரியும். போர் முடியும்வரை அந்த வாசத்தில் பட்டினி கிடந்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, தியாகுவும்தான். அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

மில்லை அடுத்த வருடம் விற்றார்கள். ஷரீஃபுதீன் பின்னாளில், கோபமெல்லாம் ஆறிய பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் பலமுறை கேட்டார். கமலவேணி ஒருமுறையும் கேட்கவில்லை. அன்றைக்குத் திடலில், கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோதே, கலியாணசுந்தரம் சூடு ஆறுவதற்குக் காத்திராமல் செம்புக் குழாயை வெறுங்கையால் பிரித்து, சுருளை நேராக்கி, கழிவு இரும்பு ஏற்றும் வண்டியில் போட்டுவிட்டார்.