வேலியோரப் பாத்தி

புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் நகரின் கோட்-டெ-நெய்ஜ் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்திக்குப் பெயர் கொடுத்துவிட்டு அல்போன்சம்மா மூன்று வருடம் காத்திருந்தாள். 2003 ஏப்ரலில் கடிதம் வந்த அன்று, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்த கையோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். கடைசி வரிசை, ரயில் பாதையை ஒட்டிய கம்பி வேலியோரம். முன்பு வைத்திருந்தவர் ஏன் விட்டுப் போனார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மே மாதம் மிளகாய்க் கன்று நட்டாள். இரண்டாம் கிழமை கன்றுகளுக்கு நடுவே பெருவிரல் மொத்தத்தில் சிவப்பு முளைகள் தலை நீட்டின. ஒரு மாதத்துக்குள் இடுப்பளவு. மூங்கில் போலக் கணு வைத்த, உள்ளே குழலான தண்டு, அகன்ற இலை. வெட்டினாள். மறுபடி வந்தது. அந்த வருடம் முழுக்க வெட்டுவதும் அது வருவதுமாகவே போயிற்று. வெட்டியதை வீணாக்க மனமில்லாமல், வேரும் தண்டும் சிறுசிறு துண்டாக நறுக்கி, குப்பையை மக்க வைக்கும், எல்லோருக்கும் பொதுவான பசளைத் தொட்டியில் கொட்டினாள். தோட்டத்துக்கு நல்லது செய்வதாகவே நினைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் தொட்டிப் பசளையைப் பாத்திகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஜூன் பிறந்தபோது அவளுடையதோடு சேர்த்து ஒன்பது பாத்திகளில் அந்தச் சிவப்பு முளை நின்றது.

நகரசபையின் தோட்ட ஆலோசகர் வந்து பார்த்தார். இளம் பெண். ஒரு தண்டை ஒடித்ததுமே முகம் மாறிவிட்டது. ஜப்பானில் இருந்து ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி என்றும், இந்த மண்ணில் அதைத் தின்னப் பூச்சியோ நோயோ இல்லையென்றும், நகத்தளவு வேர் இருந்தாலே முழுச் செடியாகிவிடும் என்றும் சொன்னார். யாரோ இதைப் பசளைக்குள் போட்டிருக்கிறார்கள் என்றார்.

அன்று மாலையே கூட்டம் கூடியது. தோட்டத்தலைவி மதாம் கிரெனியே யாரென்று கேட்டபோது, பல கண்கள் தெரேசிற்றாவின் பக்கம் திரும்பின. பிலிப்பைன்ஸில் இருந்து வந்தவள். எங்கே புதுச் செடி கண்டாலும் ஒரு கிளை ஒடித்து வருகிறவள். தெரேசிற்றா தான் இல்லையென்று சொன்னாள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

தொட்டியில் கொட்டியது தான்தான் என்று அல்போன்சம்மாவுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாத்தியும் மிஞ்சும். தெரேசிற்றா குனிந்து தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல்போன்சம்மா எழும்பினாள்.

"செ முவா, மதாம்," என்றாள். நான்தான்.

தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், எப்படி நறுக்கினாள், எத்தனை வாளி கொட்டினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். விதிப்படி பாத்தியைப் பறிக்கலாம், பறியுங்கள். ஆனால் ஒன்பது பாத்தியையும் நானே துப்புரவாக்கித் தருகிறேன், அதுவரை வாசல் பூட்டின் திறப்பை மட்டும் என்னிடம் விடுங்கள் என்று கேட்டாள். மதாம் கிரெனியே மற்றவர்களைப் பார்த்தார். பிறகு, முதலில் வேலையைப் பார்ப்போம் என்றார்.

பக்கத்துப் பாத்திக்காரர் சிவராசா, டாக்சி ஓட்டுகிறவர். அவருடைய பாகற்பந்தலுக்குள்ளும் முளை வந்திருந்தது.

"அக்கா, உது கையால ஏலாத வேலை. எங்கையெண்டாலும் மருந்து வாங்கி அடிப்பம்."

"களைமருந்துக்கு நகரசபை தடை போட்டிட்டுது, தம்பி. அடிச்சாலும் மேலதான் கருகும். ஏலுமோ ஏலாதோ எண்டு நான் செய்து பாக்கிறன்."

அந்த வருடங்களில் ஆஸ்பத்திரியில் ஒரு வயிற்றுத் தொற்று பரவிக்கொண்டிருந்தது. ஒரு நோயாளி போன அறையை அல்போன்சம்மா சுவர், கட்டில், கதவுப்பிடி என்று மூன்று தரம் துடைப்பாள். கண்ணுக்குப் படாமல் மிஞ்சுவதுதான் அடுத்தவரைப் படுக்கையில் போடும் என்பது அவளுக்குப் பாடமாகியிருந்தது. பாத்தியிலும் அப்படியே இறங்கினாள். பிளாஸ்டிக் விரித்து, மண்ணை அதன்மேல் வெட்டிப் போட்டு, அரிதட்டில் பிடி பிடியாக அரித்தாள். ஒடித்தால் கரட் நிறத்தில் இருக்கும் வேர்த்துண்டுகள் கறுப்புப் பைக்குள் போயின. சப்பாத்தின் அடியையும் மண்வெட்டியையும் தேய்த்துக் கழுவாமல் ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்குக் கால் வைக்கவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை ஒன்பது பாத்தியையும் சுற்றி வந்தாள். வேலை நாளில் வெள்ளனவும், சனிக்கிழமைகளில் மத்தியானம் வரையும்.

2005 ஜூலையில் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று கிழமை கட்டிலை விட்டு எழும்பக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று கிழமை போதும் அந்தச் செடிக்கு, ஒரு வருட உழைப்பைத் தின்றுவிட. கணவர் அருமைராசா ஒத்தடம் கொடுக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடி முளைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

எழும்பிப் போனபோது பாத்திகள் துப்புரவாக இருந்தன. வேலியருகே கறுப்புப் பைகள் வாய் கட்டி அடுக்கியிருந்தன. அரிதட்டோடு குந்தியிருந்தவள் தெரேசிற்றா. கூட்டத்துக்குப் பிறகு அவள் அல்போன்சம்மாவோடு ஒரு சொல் பேசியதில்லை.

நிமிராமலே பிரெஞ்சில் சொன்னாள்: "இது உன் முதுகு சுகமாகும் வரை காத்திருக்காது."

அன்றிலிருந்து இரண்டு பேர். அடுத்த வருடம் சிவராசாவும் சேர்ந்தார்.

2007இல் எட்டுப் பாத்திகளில் முளை வருவது நின்றுவிட்டது. அல்போன்சம்மாவின் பாத்தியில் மட்டும் நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் ரயில் பாதையோரம் அது ஆளுயரத்துக்கு மேல் காடாக நின்றது. வேர் அடியால் வந்தது. அந்தப் பாத்தியில் இனிப் பயிர் வேண்டாம், வேலியோரம் ஆழக் கிடங்கு வெட்டி வேரை மறிக்கத் தடுப்பு இறக்கி, மேலே தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் படங்கு விரித்து வருடக்கணக்கில் மூடிவைத்தால் மற்றப் பாத்திகள் தப்பும் என்று ஆலோசகர் சொன்னார். வேறு பாத்தி கிடைக்குமா என்று அல்போன்சம்மா கேட்கவில்லை. காத்திருப்போர் பட்டியலின் நீளம் அவளுக்குத் தெரியும். மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, சிவராசாவிடம் கொடுத்தாள். அவர் தன் பாத்தியின் நடுவே ஒரு கயிறு கட்டினார்.

"இந்தப் பாதி உங்களுக்கு, அக்கா. வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ."

மூன்று பேரும் இரண்டு சனிக்கிழமை கிடங்கு வெட்டினார்கள்.

படங்குக்கு அடியில் முளை வெளுத்து வளைந்து செத்தது. ஆனால் வேலிக்கு மறுபக்கம் காடு அப்படியே நின்றது. அதை வெட்ட அனுமதி கேட்டு அவள் ரயில் கம்பனிக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. புகைப்படங்களோடு இரண்டாவது எழுதினாள். மூன்றாவதில் தோட்டத்தார் நாற்பது பேர் கையெழுத்து வைத்தார்கள், மதாம் கிரெனியேயும் வைத்தார். 2009 மே மாதம் கம்பனி ஆள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாதையோரத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். மேற்பார்வைக்குத் தங்கள் ஆள் நிற்பார். மூன்று பேருக்குமேல் வரக் கூடாது.

எத்தனை வருடம் இப்படி வெட்ட வேண்டிவரும் என்று அருமைராசா கேட்டார்.

"அது களைச்சுப்போகும் வரைக்கும்," என்றாள் அல்போன்சம்மா.

முதல் சனிக்கிழமை கம்பனி ஆள் வேலிக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டார். மஞ்சள் மேலங்கி மாட்டிய மூவரும் வரிசையாக அந்தப் பக்கம் இறங்கினார்கள். அல்போன்சம்மா முதல் தண்டை நிலத்தோடு ஒட்ட வெட்டி, சிதறாமல் பைக்குள் வைத்தாள்.