டீசல் வண்டிக்காரர் பெண் பார்க்க வந்தார்

என் வீட்டுக்காரர் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். குறை அவருடையதல்ல, அவர் ஓட்டிய டீசல் ஃபோர்க்லிஃப்டுடையது. முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிச் சுமை தூக்கும் அந்த வண்டியில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் அதன் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே பேசப் பழகியவர். வண்டியை விட்டு இறங்கினாலும் குரல் இறங்குவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மாரிகுப்பத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். அதற்கு முன் வந்துபோன மாப்பிள்ளைகள் எல்லாரும் அடக்கமானவர்கள், வாய்க்குள்ளேயே பேசினார்கள். சுரங்கத்தில் டிரில் பிடித்துக் காது போன என் அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் விழாது. அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கம். எதற்கெடுத்தாலும் தலையாட்டுவார். ஒரு வீட்டார் ஸ்கூட்டர் கேட்டதற்கும் ஆட்டிவிட்டார். அம்மா ஓடிவந்து சமாளித்தாள். நாளைக்கு மருமகன் எதிரிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இவர் வந்து உட்கார்ந்து "வணக்கங்க" என்றார். ஜன்னலில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது. அவருடைய அம்மா "மெதுவாடா" என்று தொடையைக் கிள்ளினார். பயனில்லை.

"இன்னா வண்டி ஓட்றீங்க?" என்றார் அப்பா.

"டீசல் ஃபோர்க்லிஃப்டுங்க. பேட்டரி வண்டியும் கீது. சத்தம் இல்ல, புகை இல்ல. ஆனா பாதி ஷிஃப்டுல படுத்துக்கும். சார்ஜ் ஏறதுக்குள்ள பொழுது போயிடும். நம்ம வண்டிக்கு டீசல ஊத்தினா போதும், மழையிலயும் ஓடும், மேடு பள்ளத்துலயும் ஓடும்."

அப்பா தலையாட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ டீசல்ல தொல்லையே இல்லியா?"

"ஏன் இல்ல? ஷெட்டுக் கதவ சாத்திக்கினு ஓட்ட முடியாது, புகையில கண்ணு எரியும். ஆயில் மாத்து, ஃபில்டர் மாத்துன்னு வேல வந்துக்கினே இருக்கும். சட்டைய எத்தினி தபா தொவச்சாலும் வாடை போவாதுங்க."

துவைக்கப் போவது யார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"சுரங்கத்துல கீழ லெவல்ல இத்த வுட்டா அவ்ளோதான். அங்க காத்து ஏது?" என்று அப்பா சிரித்தார். பிறகு எவ்வளவு எடை தூக்கும், சரிவில் எப்படி இறக்குவது என்று கேட்டுக்கொண்டே போனார். சுமையோடு சரிவில் இறங்கினால் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்பது அன்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

நான் பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவருக்குப் பெண் ஞாபகமே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை, அதுவும் சந்தோஷத்தில்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "இன்னாடி, இந்தக் கத்து கத்துறாரு. ஆயுசுக்கும் தாங்குவியா?"

"அப்பாவுக்குக் கேக்குதும்மா" என்றேன்.