மணிச்சத்தம் எட்டாத வீட்டுக்கு ஒரு மெத்தை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு கார்கோ கடையில் பத்தொன்பது வருடம் பெட்டி அனுப்பினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் திறமையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் சிஸ்டத்தில் வீட்டு இலக்கம், தெரு என்று இரண்டு கட்டங்கள் உண்டு. வெறுமையாக விட்டால் லேபிள் வராது. அனுபவசாலிகளான நாங்கள் ‘1, மெயின் ரோட்’ என்று அடித்துவிடுவோம். மெயின் ரோட் இல்லாத ஊரும் உலகத்தில் உண்டா என்ன?

மாரிசெல், பக்கத்து இடமான குட்மேய்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்த பிலிப்பினோப் பெண். ஊரில் படுத்த படுக்கையாக இருந்த தாய்க்குக் காற்று மெத்தை ஒன்று அனுப்ப வந்தார். தாயின் முதுகில் புண் வரத் தொடங்கியிருந்தது. அவர் தந்த முகவரியில் ஊரும் மாகாணமும் மட்டுமே இருந்தன. ஆங்கிலத்தில் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“வீட்டுக்கு நம்பர் இல்லை. சேர்ச்சுக்கு அனுப்புங்கோ. அங்கயிருந்து எங்கட ஆக்கள் தூக்கிக்கொண்டு போவினம்.”

யெர்மனியிலிருந்து வந்து கடை போட்ட என் முதலாளி தமிழில் சொன்னார்: “அண்ணை, நாங்கள் டோர் டு டோர் சேர்விஸ். சாமியின்ர வீட்டுக்குப் பெட்டி அனுப்பேலாது.”

அவருடைய சொந்த ஊருக்கே ‘பிள்ளையார் கோயிலடி’ என்று எழுதினால்தான் கடிதம் போகும். அது வேறு விஷயம். நானும் வழக்கம்போல ‘1, மெயின் ரோட்’ அடித்தேன்.

கப்பல் இரண்டு மாதம் போனது. பிறகு மணிலா கோடவுனிலிருந்து ‘அப்படி முகவரி இல்லை’ என்று மெயில் வந்தது. முதலாளி அதைக் ‘கஸ்டமர் தவறு’ என்ற போல்டரில் போட்டார். எங்கள் கடையில் ‘எங்கள் தவறு’ என்று போல்டர் கிடையாது.

ஐந்து வாரம் கழித்து மாரிசெல் வந்து நின்றார். தாயின் புண் பெருத்துவிட்டதாம். முதலாளி கம்ப்யூட்டரில் அந்த ஊரின் செய்மதிப் படத்தைத் திறந்தார்.

“இஞ்சை பாருங்கோ அண்ணை, காடும் முகிலும்தான் கிடக்கு. மனுசர் இருக்கிற இடமே இது?”

தமிழ் தெரியாவிட்டாலும் மாரிசெலுக்கு விளங்கியது. திரையைத் தன் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

“இது முந்தி எங்கட நாட்டை ஆண்ட ஸ்பானியன் போட்ட ஊர். முதல்ல சிப்பாய்மார் மலையேறி வந்து முகாம் போட்டவங்கள். பிறகு பாதிரியார் ஒரு மணியோட வந்தவர். மணிச்சத்தம் கேக்கிற தூரத்துக்குள்ள எல்லாரும் இறங்கிவந்து குடியிருக்கவேணும் எண்டு கட்டளை. இறங்கின ஆக்களுக்குத் தெரு கிடைச்சது. எங்கட ஆக்கள் இறங்கேல்லை. வயலும் பன்றியும் மேல இருக்கேக்க கீழ என்ன வேலை?”

ஸ்பானியருக்குப் பிறகு அமெரிக்கர் ஆள வந்தார்களாம். வெயில் தாங்காத துரைமாருக்காக மலைக்கு ரோட் வெட்டினார்கள். அதுவும் தேவாலயத்து முற்றத்தோடு நின்றுவிட்டது. ஆகவே ஊர் என்பது பள்ளத்தில் ஒரு சதுக்கம், தேவாலயம், எதிரே நகரசபை, நாலு நேர்த்தெரு. மாரிசெலின் வீடு அதற்கு மேலே, படிப்படியான நெல்வயல்களுக்கு நடுவில், மூன்று மணி நேர ஏற்றத்தில் இருந்தது. கூப்பிட்டபோது வராதவர்களுக்கு வீட்டு இலக்கம் ஒரு கேடா என்று இரண்டு அரசுகளும் நினைத்திருக்கும். மூன்றாவதாக நாங்களும் நினைத்தோம்.

“மெயின் ரோட் எண்டு ஆர் எழுதினது?” என்று மாரிசெல் பெட்டியின் ரசீதைக் காட்டிக் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன். பிறகு “நான்தான்” என்றேன்.

அன்றே மணிலாவுக்குப் போன் எடுத்துத் தேவாலயத்தின் பெயரைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பூசைக்கு இறங்கிவந்த நாலு பேர் பெட்டியைத் தூக்கிப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து மாரிசெல் தேங்காய்ப் பலகாரத்தோடு வந்தார்.

“அம்மா மூண்டு இரவு நோவில்லாமல் நித்திரை கொண்டவ. நாலாம் நாள் போயிட்டா. அந்த மூண்டு இரவுக்கும் நன்றி.”

“எங்கட சேர்விஸை மறக்கேல்லை, பாத்தீங்களே அண்ணை” என்று முதலாளி இரண்டாவது துண்டை எடுத்தார்.

கட்டம் வெறுமையாக இருந்தால் எதிரில் நிற்பவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். பத்தொன்பது வருடத்தில் நான் கற்றது அவ்வளவுதான். மெத்தை மணிலாவில் சும்மா கிடந்தது முப்பத்தைந்து இரவு. எனக்குத் தந்த பலகாரத் துண்டைக் கையில் எடுத்தேன். மாரிசெல் பார்த்துக்கொண்டு நின்றதால் முழுவதையும் தின்றேன்.